எது என் வழி? தம்மமும் தியானமும் குறித்து வாசகர் கேள்விகள்

புத்த தம்மத்தையும் தியானத்தையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளாகப் பௌத்தத்தில் ஈடுபாடு உண்டு. ஓர் ஆசிரியர் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். இன்னொருவர் உடலின் உணர்ச்சிகளைக் கவனிக்கச் சொல்கிறார். திபெத்திய மரபினர் மந்திரத்தையும் உருவத் தியானத்தையும் கற்பிக்கிறார்கள். ஜென் மரபினர் வெறுமனே உட்காரச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தேன், எதிலும் நிலைக்கவில்லை. எனக்குரிய வழி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

நீங்கள் கேட்டிருப்பதை, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேராசிரியர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமக்கம் என்னும் பெருநூலை எழுதிய புத்தகோசர்தான் அவர். (காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததை அவரே தம் உரைநூல் ஒன்றில் குறிப்பிட்டிருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.) தியானத்துக்குரிய பொருள்கள் நாற்பது என்று கணக்கிடும் அவர், மனிதர்களின் இயல்பை ஆறு வகையாகப் பிரித்து, இன்ன இயல்பினருக்கு இன்ன பொருள் என்று பொருத்திக் காட்டுகிறார். ஆசை மிகுந்தவருக்கு உடலின் உறுப்புகளைப் பகுத்துப் பார்க்கும் தியானமும் அழுகும் உடலைப் பற்றிய சிந்தனையும். சினம் மிகுந்தவருக்கு அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை ஆகிய நான்கும். மயக்கம் மிகுந்தவருக்கும் எண்ணங்கள் ஓயாமல் ஓடுகிறவருக்கும் மூச்சுக் கவனம். நம்பிக்கை மிகுந்தவருக்குப் புத்தர், தம்மம், சங்கம் முதலியவற்றின் குணங்களை நினைத்தல். ஆராயும் அறிவு மிகுந்தவருக்கு மரணத்தை நினைத்தல், உடலை நிலம், நீர், தீ, காற்று எனப் பகுத்துப் பார்த்தல் போன்றவை. அந்தப் பட்டியலின் சாரம் இதுதான்.

ஒருவர் எந்த இயல்பினர் என்று அறிவதற்கு அவர் சொல்லும் அடையாளங்கள் வியப்பூட்டுபவை. ஒருவர் தரையைப் பெருக்குவதைப் பார்க்கச் சொல்கிறார்: ஆசை இயல்பினர் அவசரமில்லாமல் சீராகப் பெருக்குவார், சின இயல்பினர் விளக்குமாற்றை இறுகப் பிடித்து, சத்தம் எழுப்பி, வேகமாகப் பெருக்குவார், மயக்க இயல்பினர் விளக்குமாற்றைத் தளர்வாகப் பிடித்து, மணலைக் கலைத்துப் புரட்டி, சீரில்லாமல் பெருக்குவார். உண்ணும் விதத்திலும் நடக்கும் விதத்திலும்கூட இத்தகைய வேறுபாடுகளை விவரிக்கிறார். ஆனால் இவ்வளவையும் எழுதிய பின், இந்த அடையாளங்கள் மூலநூலிலோ பழைய உரைகளிலோ முழுமையாக வந்தவையல்ல, ஆசிரியர்களின் கருத்து மட்டுமே, ஆகையால் முற்றிலும் நம்பிவிட வேண்டாம் என்று அவரே எச்சரித்தும் இருக்கிறார். அவர் மீது எனக்கு மதிப்பு பெருகியதே அந்த வரியால்தான்.

ஆகவே தனக்கென்று ஒரு வழியைத் தேடுவது மரபுக்குப் புறம்பான செயல் என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை; மரபே அதற்கு இடம் வைத்திருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது, புத்தகோசர் எந்த இடத்திலும் நாற்பதையும் கலந்து செய்யுமாறு பரிந்துரைக்கவில்லை என்பதை. இயல்பைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்து, அதிலேயே நெடுநாள் நிற்பதுதான் அவர் காட்டும் முறை. கடிதத்தைப் படிக்கும்போது, நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பவர், எண்ண ஓட்டம் மிகுந்தவர் என்று தோன்றுகிறது. அப்படியானால் மூச்சுக் கவனமே உங்களுக்குப் பொருந்தும். நாள்தோறும் காலையில் அரை மணி நேரம், வேறு எந்த முறையையும் தொடாமல், குறைந்தது ஆறு மாதங்கள் அதை மட்டும் செய்யுங்கள். அந்தக் காலத்தில் புதிய உரைகளையும் காணொளிகளையும் தேடாதீர்கள்; ஒரு முறையைச் செய்துகொண்டிருக்கும்போதே வேறொன்றின் சிறப்பைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நிலைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

அதற்கும் முன்னதாக ஒன்று உண்டு. கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல் ஆகிய ஐந்து சீலங்களை மேற்கொள்ளுங்கள். தியானத்தைப் பற்றிப் பேசும் பலர் இவற்றை முன்னுரை போலக் கடந்துவிடுகிறார்கள். வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்குப் பயன்படாது என்று தெரிந்த காப்பீட்டுத் திட்டத்தை, மாத இலக்குக்காக அவர் தலையில் கட்டிவிட்டு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் எப்படி அடங்கும்? நான்காம் சீலத்தை அலுவலக மேசையில் ஒரு வாரம் உண்மையாகக் காத்துப் பாருங்கள். உட்காரும்போது தெரியும் வேறுபாடு எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாக இருக்கும். ஒரு முறை உங்களுக்குப் பொருந்துகிறதா என்பதற்கான அளவுகோலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. தியானத்தின்போது ஒளி தெரிந்ததா, உடல் லேசானதா என்று பார்க்காதீர்கள். கோபம் முன்பைவிட விரைவாகத் தணிகிறதா, பிறர் குறையைச் சொல்லும் ஆவல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆசிரியர் தேவையா என்றும் கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். தேவைதான், ஆனால் பௌத்தத்தில் ஆசிரியர் நல்ல நண்பர் என்ற நிலையில் இருப்பவர். நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று அணுக்கச் சீடர் ஆனந்தர் சொன்னபோது, பாதியன்று, முழுவதும் அதுவே என்று புத்தர் திருத்தியதாக, அவருடைய உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயம் பதிவு செய்கிறது. மஜ்ஜிம நிகாயம் என்னும் இன்னொரு தொகுப்பின் வீமம்சக சுத்தத்தில் (சுத்தம் என்பது புத்தரின் ஓர் உரை), தம்மையே சீடர்கள் கண்ணாலும் காதாலும் ஆராய்ந்து, மாசு உண்டா இல்லையா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்கிறார். புத்தரே சோதனைக்கு உட்பட்டிருக்கும்போது, கேள்வி கேட்காதே என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து நீங்கள் தயக்கமின்றி விலகலாம்.

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நினைவாற்றல் கூடும் என்று தியானம் செய்யத் தொடங்கினேன். உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. தூக்கம் வராத நாளில் எண்ணங்கள் ஓடுகின்றன. என்ன செய்யலாம்? (வாசகர், மதுரை)

முதலில் தூங்குங்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பலர் நள்ளிரவு வரை விழித்திருந்து, விடியற்காலையில் எழுந்து, அதற்குப் பின் தியானத்தில் தூக்கம் வருகிறதே என்று கவலைப்படுகிறார்கள். உடலுக்கு வேண்டிய தூக்கத்தைக் கொடுத்த பிறகும் மந்தம் தொடர்ந்தால், அப்போது புத்தர் மொக்கல்லானருக்குச் சொன்னதைப் பின்பற்றலாம்.

பின்னாளில் தலைமைச் சீடர்களில் ஒருவராக விளங்கிய மொக்கல்லானர், தியானத்தில் அமர்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது புத்தர் அவருக்கு வரிசையாக வழிகள் சொல்கிறார். எந்த நினைப்பில் தூக்கம் வந்ததோ அதை விட்டுவிடு. போகவில்லையென்றால் கற்ற தம்மத்தைச் சிந்தித்துப் பார். அதற்கும் போகவில்லையென்றால் வாய்விட்டு ஓது. காதுகளை இழுத்துக் கைகால்களைத் தேய்த்துவிடு. எழுந்து கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார். வெளிச்சத்தை மனத்தில் கொள். முன்னும் பின்னும் நட. எதற்கும் அடங்கவில்லையென்றால் வலப்பக்கமாகப் படுத்து, எழும் நேரத்தை மனத்தில் நிறுத்தித் தூங்கு. இந்தச் சுத்தத்தை நான் மிகவும் விரும்புகிறேன். அவ்வளவு பெரிய சீடரையும் புத்தர் கடிந்துகொள்ளாமல், கடைசியில் தூங்குவதற்கும் அனுமதி தருகிறார்.

எண்ணங்கள் ஓடுவதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். மனம் விலகிப் போனதைக் கண்டுகொண்டு மீண்டும் மூச்சுக்குத் திரும்புவதுதான் பயிற்சியே. முப்பது முறை விலகினால் முப்பது முறை திரும்புங்கள். புதியவர்களுக்கு மூச்சை எண்ணும் பழக்கம் உதவும். ஒன்று முதல் ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேற்படாமலும் எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்று விசுத்திமக்கம் கூறுகிறது.

நினைவாற்றலைப் பொறுத்தவரை, கவனம் சிதறாமல் படிக்கத் தியானம் துணை செய்யலாம். ஆனால் மதிப்பெண்ணுக்காகவே உட்கார்ந்தால், ஒவ்வொரு முறையும் பலன் வந்ததா என்று மனம் கணக்குப் பார்க்கும். அந்தக் கணக்கே ஓர் இடையூறாகிவிடும். தேர்வு முடியும் வரை நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

கேள்வி: புத்தரின் போதனைகளை ஏற்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் குடும்பத்தோடு குலதெய்வக் கோயிலுக்குப் போகிறேன். அம்மாவுக்காகப் பொங்கல் வைக்கிறேன். இது இரட்டை வேடமா? பௌத்தராக முறைப்படி மாற வேண்டுமா? (வாசகர், சேலம்)

நாளந்தாவில் உபாலி என்றொரு செல்வந்தர் இருந்தார். சமணர்களின் பெரும் ஆதரவாளர். புத்தரோடு வாதிட வந்தவர், அவர் சொல்வதை ஏற்று, தம்மைச் சீடராக்கிக்கொள்ளும்படி கேட்டார். நன்கு ஆராய்ந்து பார், உன்னைப் போல் அறியப்பட்டவர்கள் ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று புத்தர் அவரைத் தடுத்தார். உபாலி மேலும் உறுதி கொண்டபோது, உன் வீடு நெடுங்காலமாகச் சமணத் துறவிகளுக்கு நீர்நிலை போல இருந்து வந்திருக்கிறது, அவர்கள் வந்தால் உணவளிப்பதை நிறுத்திவிடாதே என்றார். மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள இந்த உரையாடலை, புதிய நம்பிக்கை வந்த வேகத்தில் வீட்டாரின் படங்களைக் கழற்றி வைக்கத் துடிக்கும் இளைஞர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இல்லறத்தார் தம் பொருளைச் செலவிட வேண்டிய முறைகளைச் சொல்லும்போது சுற்றத்தார், விருந்தினர், மறைந்த முன்னோர், அரசு, தெய்வங்கள் ஆகிய ஐவருக்கும் உரியதைக் கொடுக்கச் சொல்கிறது அங்குத்தர நிகாயம். தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல், தான் என்னும் ஐந்தைக் குறளில் படித்த நமக்கு இந்தப் பட்டியல் அந்நியமாக இராது. ஐந்தில் நான்கு ஒன்றாகவே இருக்கின்றன. எனவே அம்மாவுக்காகப் பொங்கல் வைப்பதில் நீங்கள் எந்தச் சீலத்தையும் மீறவில்லை. கிடா வெட்டும் வழக்கம் இருந்தால் அது வேறு. அங்கே முதல் சீலம் குறுக்கே நிற்கிறது, அதை வீட்டாரிடம் சண்டையில்லாமல் சொல்லி விலகி நில்லுங்கள்.

இதையே எல்லாருக்கும் உரிய விடையாக நான் சொல்ல மாட்டேன். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் டாக்டர் அம்பேத்கர் தம்மம் தழுவி, தம் மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தபோது, பழைய தெய்வங்களை வழிபட மாட்டேன் என்பது அவற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. தமிழ்நாட்டில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குச் சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். எந்தக் கோயில் தம்மை வாசலில் நிறுத்தியதோ அதை விட்டு வெளியேறுவது அவர்களுக்குத் தன்மதிப்பின் செயலாக இருந்தது. அந்த மக்களிடம் போய், பழையதையும் வைத்துக்கொள்ளலாமே என்று யாரும் அறிவுரை சொல்லத் தகாது. அவர்களுக்குத் தம்மம் என்பது தனி மனிதரின் மன அமைதிக்கு முன்பாக, சேர்ந்து எழுந்து நிற்பதற்கான தளம். அம்பேத்கர் வழியில் தீட்சை பெற விரும்பினால் 22 உறுதிமொழிகளையும் முழு மனத்தோடு ஏற்றுப் பெறுங்கள். பாதியை விலக்கி வைத்துவிட்டுப் பெறாதீர்கள். உங்கள் மனம் இன்னும் அங்கே வரவில்லையென்றால், ஐந்து சீலங்களோடும் தியானத்தோடும் இருங்கள். அவசரமே இல்லை.

கேள்வி: எங்கள் பகுதியில் புத்தர் சிலை என்றாலே நிலம் போகப்போகிறது என்ற அச்சம்தான் வருகிறது. ஆனாலும் நண்பர் கொடுத்த ஒரு நூலால் தியானத்தில் ஈடுபாடு பிறந்திருக்கிறது. என் குடும்பம் இழந்தவற்றை நினைக்கும்போது குற்றவுணர்வு வருகிறது. இதில் எனக்கு வழி உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களுக்கு வரும் அச்சத்தை அறியாமை என்றோ, தியானம் செய்தால் நீங்கிவிடும் மனக்குறை என்றோ எவரும் சொன்னால் ஏற்காதீர்கள். 1972 அரசியலமைப்பிலிருந்து இலங்கையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரப்பட்டிருக்கிறது. 1978 அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்பு அதைத் தொடர்கிறது. அரசும் படையும் ஒரு சமயத்தின் சின்னத்தைத் தாங்கி நிற்கும்போது, அந்தச் சின்னத்தைப் பார்த்து அமைதி வரவில்லை என்பதில் உங்கள் பிழை ஏதும் இல்லை.

ஆயினும் தம்மம் அந்த அரசுக்குச் சொந்தமன்று. போரில் ஊக்கத்தோடு பொருது மடியும் வீரர் சொர்க்கம் புகுவர் என்பது உண்மையா என்று ஒரு படைத்தலைவர் புத்தரைக் கேட்டார். இதைக் கேட்காதே என்று இரு முறை தவிர்த்த புத்தர், மூன்றாம் முறை வற்புறுத்தியபோது, பிறரைக் கொல்ல வேண்டும் என்று எண்ணியபடி மடிகிறவர் நரகம் புகுவார் என்று மறைக்காமல் சொன்னார். சம்யுத்த நிகாயத்தில் இருக்கும் இந்தப் பகுதியைப் படித்தால், போரை ஆசீர்வதிக்கும் எவரும் அவர் பெயரைப் பயன்படுத்த முடியாது என்பது விளங்கும்.

தமிழர்களுக்கும் இது அயலார் சமயமாக இருந்ததில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். உங்கள் தீவில் திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று வழங்கப்பட்டதைத் தமிழ்க் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மணிமேகலையின் முப்பதாம் காதையில், பேதைமை தொடங்கி வினைப்பயன் வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு சார்புகளையும் பௌத்தத் துறவி அறவண அடிகள் தமிழிலேயே உரைக்கிறார். நுகர்ச்சியிலிருந்து வேட்கையும் வேட்கையிலிருந்து பற்றும் பிறப்பதைக் காண்பதுதான் இன்றைய தியான வகுப்புகளிலும் கற்பிக்கப்படுவது. நீங்கள் இன்னொருவர் வீட்டுக்குள் நுழையவில்லை.

எந்தச் சிலையும் விகாரையும் இல்லாமல், உங்கள் அறையில் மூச்சைக் கவனித்து அமரலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: பகைவருக்கு அன்பைப் பரப்பும் தியானத்தை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். முதலில் தனக்கு, பிறகு தான் மதிக்கும் ஒருவருக்கு, அதற்குப் பின் நெருக்கமானவருக்கு, அறிமுகம் மட்டுமே உள்ளவருக்கு என்று படிப்படியாகச் சென்று, இறுதியில்தான் பகைவரிடம் வர வேண்டும் என்பது புத்தகோசர் வகுத்த ஒழுங்கு. அந்த இறுதிப் படிக்கு வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். இழந்தவற்றுக்கு நீதி கேட்பதை நிறுத்திக்கொள்ளுமாறு எந்தத் தியானமும் கோரவில்லை.

கேள்வி: பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்குப் போக எண்ணுகிறேன். முதுகுவலி உண்டு. அங்கே வலி குணமாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகலாமா? (வாசகர், திருச்சி)

இந்த முகாம்களைத் தொடங்கிய எஸ்.என். கோயங்கா 1924இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வணிகர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடி அலைந்த அவர், ரங்கூனில் தியானம் கற்பித்துவந்த ஊ பா கின்னிடம் சென்றார். ஊ பா கின் துறவியல்லர். சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரி, குடும்பஸ்தர். உடல்நோய்க்கு மருந்தாக நினைத்து வந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டேன், மனத்தின் மாசு நீங்க வேண்டும் என்று வந்தால் வா என்று அவர் சொன்னதைக் கோயங்காவே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1955இல் அந்த நிபந்தனையை ஏற்றுத்தான் கோயங்கா முதல் முகாமில் அமர்ந்தார். உங்கள் நண்பர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். முதுகுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள்.

1969இல் கோயங்கா இந்தியா வந்து முகாம்கள் நடத்தத் தொடங்கினார். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் தலைமை மையம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் தம்ம சேது உள்ளது. கட்டணம் கிடையாது; ஒரு முகாமையாவது முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள், இந்த ஒழுங்கைப் பாராட்ட வேண்டும். காலை நான்கு மணிக்கு மணியடிக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகத் தியானம். பேச்சு, கைபேசி, புத்தகம், எழுத்து எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சு மட்டும். நான்காம் நாள் முதல் தலை தொடங்கிக் கால் வரை உடல் உணர்ச்சிகளைச் சமநிலையோடு கவனிக்கும் பயிற்சி. பத்தாம் நாள் மௌனம் கலைந்து அன்புத் தியானம். பதினோராம் நாள் காலையில் வீடு திரும்பலாம். முதுகுவலியை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதினால் நாற்காலி தருவார்கள்.

போகலாம் என்பதுதான் என் விடை. ஆனால் நாள்தோறும் அரை மணி நேரமாவது மூன்று மாதம் உட்கார்ந்து பழகிய பிறகு போங்கள். எதையும் பழகாமல் நேரே பத்து நாளுக்குள் இறங்குகிறவர்கள், நான்காம் நாளில் வலியோடு போராடுவதையே தியானம் என்று எண்ணிவிடுகிறார்கள். இன்னொன்று: அங்கே கற்பிக்கப்படுவது ஒரு மரபு. அதே பர்மாவில் மகாசி சயாதோ என்னும் துறவி, வயிறு எழுந்து தாழ்வதைக் கவனித்து, நிகழ்வதை நிகழும்போதே மனத்துக்குள் குறித்துக்கொள்ளும் முறையைக் கற்பித்தார். அதுவும் கவனத்தை நிலைநிறுத்துவது பற்றிய சதிபட்டான சுத்தத்தையே அடிப்படையாகக் கொண்டது. முகாமிலிருந்து திரும்பும்போது, மற்ற முறைகள் எல்லாம் கலப்படம் என்ற எண்ணத்தைக் கையோடு கொண்டு வராதீர்கள்.

கேள்வி: தியானத்தை நீட்டித்த பிறகு இரவில் காரணமில்லாத பயம் வருகிறது. உடல் என்னுடையதல்ல என்பதுபோலத் தோன்றுகிறது. தொடர்ந்து செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். (வாசகி, சென்னை)

நிறுத்துங்கள். குறைந்தது சில வாரங்களுக்கு நீண்ட தியானம் வேண்டாம். நேரத்துக்கு உண்டு, உறங்கி, நடந்து, வீட்டு வேலைகளில் ஈடுபட்டு, மனிதர்களோடு பேசுங்கள். பயமும் அந்நியத்தன்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமானால் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். முன்பே மனநல மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால், தியானத்தை நம்பி அதை நிறுத்தவே கூடாது.

தியானத்தால் தீங்கே வராது என்று சொல்கிறவர்கள் பழைய நூல்களைப் படித்ததில்லை. வைசாலியில் புத்தர் உடலின் அருவருப்பைச் சிந்திக்கும் தியானத்தைப் பிக்குகளுக்குச் சொல்லிவிட்டு அரை மாதம் தனிமையில் இருந்தார். அந்த இடைவெளியில் பலர் தம் உடலை வெறுத்து உயிரையே இழந்தார்கள். திரும்பி வந்து, சங்கம் ஏன் இப்படி மெலிந்துவிட்டது என்று கேட்டு அறிந்த புத்தர், எஞ்சியவர்களைக் கூட்டி, அமைதியும் இனிமையும் தரும் மூச்சுக் கவனத்தைக் கற்பித்தார். தொடர்ந்து செய்யுங்கள், தானாகச் சரியாகும் என்று அவர் சொல்லவில்லை, முறையை மாற்றினார். சம்யுத்த நிகாயமும் துறவியர் ஒழுக்க விதிகளின் தொகுப்பான விநய பிடகமும் இதை ஒளிக்காமல் பதிவு செய்திருக்கின்றன. அளவுக்கு மீறிய முயற்சியால் பாதம் கிழிந்து நடந்த சோணர் என்ற பிக்குவிடம், யாழின் நரம்பை மிகவும் இறுக்கினாலும் இசை வராது என்று சொன்னவரும் அவரே. உங்களைத் தொடரச் சொல்கிற ஆசிரியர், நீங்கள் சொல்வதை முழுவதும் கேட்காமல் அப்படிச் சொன்னால், அவரிடம் திரும்பப் போகாதீர்கள்.

கேள்வி: வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தரையில் உட்கார முடியாது. மூட்டுவலி, சர்க்கரை நோய். இனி தொடங்கிப் பயன் உண்டா? (வாசகர், பாளையங்கோட்டை)

உண்டு ஐயா. நகுலபிதா என்னும் முதிய இல்லறத்தார் புத்தரிடம் வந்து, நான் மூத்துத் தளர்ந்துவிட்டேன், நோயாளி, உங்களை அடிக்கடி வந்து காணவும் முடியவில்லை என்று சொன்னபோது, உடல் நோயுற்றாலும் என் மனம் நோயுறாது என்று பயிலும்படி புத்தர் சொன்னார். அதன் பொருளை விளக்கிக் கேட்க அவர் நேரே தலைமைச் சீடர் சாரிபுத்தரிடம் போனார். உடலையும் உணர்வையும் நான் என்றும் எனது என்றும் பற்றிக்கொண்டிருப்பவருக்கு, அவை மாறும்போது துயரம் வருகிறது. பற்றாதவருக்கு உடல் மட்டுமே நோயுறுகிறது என்பது சாரிபுத்தர் தந்த விளக்கம். முதியவர் ஒருவர் இரண்டு ஆசிரியர்களிடமும் கேட்டுத் தெளிந்த அந்தச் சுத்தம்தான் உடல், உணர்வு முதலிய கூறுகளைப் பற்றிப் பேசும் சம்யுத்த நிகாயத்தின் கந்த வகுப்புக்கே முதலாவதாக அமைந்திருக்கிறது.

தரையில் உட்கார வேண்டும் என்ற விதியே இல்லை. நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளிலும் கவனத்தைப் பழகச் சதிபட்டான சுத்தம் சொல்கிறது. முதுகு நேராக இருக்கும்படி நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்துப் பத்து நிமிடம் மூச்சைக் கவனியுங்கள். மாலையில் வீட்டுத் தாழ்வாரத்திலோ மொட்டை மாடியிலோ பதினைந்து இருபது அடி தூரம் முன்னும் பின்னும் மெதுவாக நடந்து, கால் எழுவதையும் முன்னே நகர்வதையும் தரையில் படிவதையும் மட்டும் கவனியுங்கள். தேவையானால் சுவரையோ கைத்தடியையோ பற்றிக்கொள்ளலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மெத்தென்ற செருப்பு அணிந்துகொள்ளுங்கள். நண்பகலுக்கு மேல் உண்ணாத எட்டுச் சீல நோன்பையும் இந்த வயதில் மருத்துவரைக் கேட்காமல் மேற்கொள்ள வேண்டாம். ஐந்து சீலங்களே போதும்.